முத்துசாமி தீட்சிதரும் மேனாட்டு மெட்டும்

இசையைக் கேட்டு மகிழ்தல் எளிது. கேட்டதை ஆராய்ந்து உரைத்தல் அரிது. ஒரு பாட்டைக் கேட்டுத் தலையசைத்தோர் பலரை நோக்கி, அப்பாட்டு எந்தக் காலப்பிரமாணத்தில் நடந்தது, எந்தச் சுருதியில் நின்றது, எந்தப் பாவத்தை உள்ளத்தில் எழுப்பியது என வினவுவோமாயின், விடை கூறுவோர் மிகச் சிலரேயாவர். வால்ட்ஸ் என்னும் மேனாட்டு நடன இசையை ஒலிப்பதிவில் கேட்கும் மாணாக்கர் உள்ளத்திலும் இம்மூன்று வினாக்களே எழுதல் இயல்பு. இவ்வினாக்கள் நமக்குப் புதியன அல்ல. இற்றைக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகட்கு முன்னரே, நம் நாட்டு இசைப் பெரியார் ஒருவர் மேனாட்டு மெட்டுகளைத் தம் செவியாற் கேட்டு, அவற்றின் காலத்தையும் சுருதியையும் பாவத்தையும் அளந்தறிந்து, அவற்றிற்கு ஸம்ஸ்கிருத மொழியில் ஸாஹித்தியமும் அமைத்தார். அவரே முத்துசாமி தீட்சிதர் ஆவர். அவரது சரித்திரத்தை இப்பகுதியை முன்வைத்து ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

பிறப்பும் குடியும்

கர்நாடக ஸங்கீதத்தின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்படுவோர் சியாமா சாஸ்திரிகள், தியாகராஜ சுவாமிகள், முத்துசாமி தீட்சிதர் என்னும் மூவர். மூவரும் திருவாரூரிற் பிறந்தவர். மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்தவர். இவர்களுள் இளையவர் தீட்சிதர். அவர் 1775ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் இராமசாமி தீட்சிதர், தாமே பெரும் புலவர். ஹம்ஸத்வனி இராகத்தை உலகிற்குத் தந்தவர் என அறியப்படுபவர். நூற்றெட்டு இராகமும் தாளமும் கோத்த மாலிகை ஒன்று செய்தவரும் அவரே. நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்திய அவர், வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமியை வழிபட்டுப் பெற்ற மைந்தராதலின் முத்துசாமி எனப் பெயரிட்டார் என்ப. சின்னசாமி, பாலுசாமி என இரு தம்பியர் இவர்க்கு உண்டு. இளைய தம்பி பாலுசாமியின் பெயரை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். மேனாட்டு இசைக்கும் நம் இசைக்கும் இடையே ஒரு பாலமாக நின்றவர் அவர்.

இளமையில் முத்துசாமி வேதம், காவியம், வியாகரணம் ஆகியவற்றையும், தந்தையாரிடமே வாய்ப்பாட்டும் வீணையும் பயின்றார். வேங்கடமகியின் எழுபத்திரண்டு மேளகர்த்தா முறை அக்குடும்பத்தின் ஸம்பிரதாயமாயிற்று. ஒரு சுரத்தின் தானம் சிறிதே பிறழினும் இராகமே மாறிவிடும் என்னும் கண்டிப்பில் அவர் செவி பழகிற்று.

மணலியும் கோட்டையும்

சென்னைக்கு வடக்கே மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் பிரபு வாழ்ந்தார். கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் துபாஷியாக இருந்து பொருளும் செல்வாக்கும் பெற்றவர் அவர். இராமசாமி தீட்சிதரின் புலமையை அறிந்து, குடும்பத்தோடு அவரைத் தம் ஊருக்கு அழைத்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவ்வாதரவைத் தொடர்ந்தார். முதலியார் அலுவல் நிமித்தம் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் செல்லுங்கால், தீட்சிதச் சகோதரரையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. அங்கே கும்பினிப் படையின் பாண்டு வாத்தியத்தை அவர்கள் கேட்டனர்.

அக்காட்சியை எண்ணிப் பார்த்தல் தகும். வீணையின் மெல்லிய நாதத்தில் வளர்ந்த இளைஞர், தோற்பறையும் பித்தளைக் கொம்பும் குழலும் ஒருங்கு முழங்கும் ஒலியைக் கேட்கின்றனர். அங்கே இராக ஆலாபனை இல்லை, கமகம் இல்லை. சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய், படைவீரர் அடியெடுத்து வைப்பதுபோல் நேர்நேராய் நடக்கின்றன. பண்டிதர் ஒருவர் இதனைக் கேட்டு இஃது இசையன்று என ஒதுக்கியிருத்தல் கூடும். பிரபுவின் தயவை நாடுவார் ஒருவர், நம் இசையினும் இதுவே உயர்ந்தது எனப் புகழ்ந்திருத்தலும் கூடும். தீட்சிதச் சகோதரர் இவ்விரண்டும் செய்திலர்; கூர்ந்து கேட்டனர். தம்பி பாலுசாமி பிடில் வாத்தியத்தில் விருப்புற்றார். முதலியார் ஐரோப்பிய வித்வான் ஒருவரை அமர்த்தி அவருக்கு அதனைக் கற்பித்தார். பாலுசாமி அதை நம் இசைக்கேற்றவாறு வாசிக்கத் தொடங்கினார். இன்று பிடில் இல்லாத கச்சேரி அரிது. தஞ்சை நால்வருள் வடிவேலு என்பாரும் அத்துறையில் உழைத்தவர். எனினும், முதன்முதல் அவ்வாத்தியத்தை நம் இசைக்கு உரியதாக்கியவர் என்று போற்றப்படுபவர் பாலுசாமி தீட்சிதரே.

மூன்றெண்ணிக்கையின் இயல்பு

தீட்சிதர் கேட்ட மெட்டுகளின் இயல்பை விளங்கிக்கொள்ள, வால்ட்ஸ் போன்ற மும்மை நடையைச் சிறிது ஆராய்தல் நலம். வால்ட்ஸ் என்பது ஜெர்மனி, ஆஸ்திரியா நாட்டுக் குடியானவர் ஆடிய சுழல் நடனங்களினின்று தோன்றிப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரில் பரவியது. 1816ஆம் ஆண்டு இலண்டன் அரசவை விருந்தில் அஃது ஆடப்பட்டபோது, ஆணும் பெண்ணும் தழுவி ஆடும் ஆட்டம் தகாது என அந்நகரச் செய்தித்தாள் ஒன்று கண்டித்தது. பின்னர் அதுவே உயர்குடியினரின் நடனமாயிற்று.

அதன் தாளம் மூன்றெண்ணிக்கை கொண்டது. முதலெண்ணில் அழுத்தம், பின்னிரண்டு மெல்லியன. நம் வழக்கிற் கூறின், மூன்று அக்ஷரம் கொண்ட திச்ர ஏகம் என்னலாம். ஆயின் எண்ணிக்கை ஒன்றாயினும் காலப்பிரமாணம் வேறுபடின் பாவமும் வேறுபடும். வியன்னா நகரத்து விரைந்த வால்ட்ஸ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 ஆவர்த்தமாகச் சுழல்வது. அஃதாவது 180 எண்ணிக்கை. ஆங்கில நடனச் சாலைகளில் வளர்ந்த மெதுவான வால்ட்ஸோ அதிற் பாதி விரைவே உடையது. முன்னதில் உவகை, பின்னதில் அமைதியும் சிறிது ஏக்கமும். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டும் மூன்றெண்ணிக்கை உடையதே. ஆயினும் அதனை நடனம் என எவரும் மயங்கார். அதன் விளம்ப நடையே அதற்குக் கம்பீரத்தைத் தருகின்றது.

இனிச் சுருதி. மேனாட்டார் ஒரு மெட்டின் ஸ்தாயியைக் கூறுங்கால் இரண்டு செய்திகளை ஒருங்கே கூறுகின்றனர். எந்த ஒலி ஆதார ஷட்ஜம் என்பது ஒன்று. அதன்மேல் எந்தச் சுரவரிசை எழுகின்றது என்பது மற்றொன்று. நம்மவர் இவற்றைப் பிரித்துச் சுருதி என்றும் இராகம் என்றும் கூறுவர். பாடகர் தம் குரலுக்கேற்பச் சுருதியை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம், இராகம் மாறாது. மேனாட்டாரின் மேஜர் வரிசை நம் இருபத்தொன்பதாம் மேளமாகிய தீரசங்கராபரணத்தின் சுரங்களையே கொண்டது. அவர்தம் மைனர் வரிசை நடபைரவி, கீரவாணி ஆகியவற்றின் சுரங்களை ஒத்தது. யோஹான் ஸ்ட்ராஸ் இயற்ற, 1867இல் அரங்கேறிய நீல டான்யூபு வால்ட்ஸ் மேஜர் வரிசையில் அமைந்து மகிழ்ச்சி தருவது. 1866இல் போரில் தோற்றுச் சோர்ந்திருந்த நகரத்தார்க்காக எழுந்ததாயினும் அதில் துயரின் சாயல் இல்லை. ஷோப்பான் 1847இல் வெளியிட்ட வால்ட்ஸ்களுள் ஒன்று மைனர் வரிசையில் அமைந்து, அதே மூன்றெண்ணிக்கையிலேயே உள்ளத்தை நெகிழச் செய்கின்றது.

ஒலிப்பதிவைக் கேட்டு ஆராய்வார் இங்கு ஓர் எச்சரிக்கையை நினைவிற் கொள்ள வேண்டும். பழைய கிராமபோன் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலுமாறு அமைந்தது. அதனை 83 சுற்றளவுக்கு விரைவுபடுத்தினால் நடை விரைவதோடு, சுருதியும் பன்னிரண்டு சுரத்தானங்களில் ஒரு தானம் ஏறிவிடும். காலமும் சுருதியும் அத்தட்டில் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஆதலின் தட்டைக் கேட்டு அளந்த காலமும் சுருதியும் வாசித்தோர் கருதியவையே எனத் துணிதல் ஆகாது. இன்றைய கருவிகளோ ஒன்றை அசைக்காமல் மற்றதை மாற்ற வல்லன. எனினும் சுருதி ஒரு தானம் ஏறினும் இறங்கினும் சங்கராபரணம் சங்கராபரணமே. பாவத்தை ஆள்வது பெரும்பாலும் சுரவரிசையும் நடையுமேயாம். இவ்வுண்மையைத் தட்டும் கருவியும் தோன்றுமுன்னரே தீட்சிதர் செயலிற் காட்டினார் என்பது பின்னர் விளங்கும்.

காசியும் திருத்தணியும்

மணலியில் வாழ்ந்த நாளில் சிதம்பரநாத யோகி என்னும் துறவி அவ்வில்லத்திற்கு எழுந்தருளினார். முத்துசாமியின் அறிவையும் அடக்கத்தையும் கண்டு, அவரைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு தந்தையாரை வேண்டினார். மூத்த மைந்தரைப் பிரிய இராமசாமி தீட்சிதர் மனம் இசையவில்லை. ஆயினும் குருவின் சொல்லை மறுக்க இயலாது விடைகொடுத்தார். காசியிற் சில ஆண்டுகள் தங்கிய தீட்சிதர் யோகியிடம் ஸ்ரீவித்யா உபாசனையையும் வேதாந்தத்தையும் கற்றார். அந்நகரில் வழங்கிய இந்துஸ்தானி இசையும் அவர் செவியில் ஏறிற்று. துருபத் இசையின் நிதானமான நடை அவர்தம் கிருதிகளின் விளம்ப காலத்தில் ஒலிக்கின்றது என இசை வல்லோர் கூறுவர். இவ்வாறு தெற்கும் வடக்கும் மேற்கும் ஆகிய மூன்று திசை இசையும் ஒரே செவியிற் புகுந்தன.

யோகி காசியிலேயே மறைந்தார். தீட்சிதர் தெற்கே திரும்பித் திருத்தணியை அடைந்தார். நம் வேலூரிலிருந்து காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சில மணி நேரத்தில் நாம் சென்றடையும் அம்மலையிலேதான் அவரது முதற் கிருதி பிறந்தது. மலைமேல் தியானத்தில் இருந்தபோது முதியவர் ஒருவர் தோன்றி, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், கண் விழித்ததும் மாயாமாளவகௌள இராகத்தில் பாட்டு எழுந்தது என்றும் கர்ணபரம்பரையாகக் கூறுவர். அந்த இராகம் இசை பயிலத் தொடங்கும் சிறுவர்க்கு முதற்பாடமாவது. பெரும் புலவர் ஒருவர் தம் முதற்பாட்டுக்கு அதனையே தெரிந்துகொண்டமை கருதற்பாலது. அன்று முதல் குருகுஹ என்னும் முத்திரை அவர் கிருதிகளில் விளங்கலாயிற்று. முதல் வேற்றுமை தொடங்கி எட்டு வேற்றுமைக்கும் எட்டுக் கிருதிகள் அத்தலத்து முருகன்மேற் பாடினார். இலக்கண மாணாக்கர் வருந்திக் கற்கும் வேற்றுமை உருபுகளை அவர் பாட்டில் இனிதாகக் காணலாம்.

பின்னர்க் காஞ்சி, திருவண்ணாமலை, சிதம்பரம், திருவானைக்கா, காளத்தி முதலிய தலங்களைத் தரிசித்துப் பாடினார். ஐம்பூதத் தலங்கள் ஐந்திற்கும் அவர் செய்த கிருதிகள் பிரசித்தம். தலத்தின் பெயர், மூர்த்தியின் இயல்பு, கோயில் வழக்கு, இராகத்தின் பெயர் ஆகிய அனைத்தும் அவர் பாட்டில் இடம்பெறும். ஆதலின் அவருடைய பாட்டுகள் சரித்திர ஆராய்ச்சியாளர்க்கும் பயன்படுவனவாம்.

நோட்டுச் சாஹித்தியம்

இனி, நம் பொருளுக்கு உயிர்நிலையான பகுதிக்கு வருவோம். தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு இயற்றிய பாடல்கள் நோட்டுஸ்வர ஸாஹித்தியம் எனப்படும். ஆங்கிலத்தில் சுரக்குறியைக் குறிக்கும் நோட்டு என்னும் சொல்லே அப்பெயருக்குக் காரணம். ஏறத்தாழ நாற்பது பாடல்கள் இன்று கிடைக்கின்றன. யாவும் சங்கராபரணச் சுரங்களில் அமைந்தவை. படைநடைக்குரிய மெட்டுகளும், ஸ்காத்துலாந்து, அயர்லாந்து நாட்டு ஆடல் மெட்டுகளும், சிறுவர் மெட்டுகளும் அவற்றிற்கு மூலம் என ஆராய்ந்தோர் கண்டுள்ளனர்.

சியாமளே மீனாக்ஷி என்னும் பாட்டை ஆங்கிலம் பயிலும் சிறுவர் கேட்பின், தாம் அறிந்த விண்மீன் பாட்டின் மெட்டு இதுவென உடனே சொல்வர். 1761இல் பிரான்சு நாட்டில் அச்சேறிய அம்மெட்டு, மோசார்ட் என்னும் மேதை வேறுபாடுகள் பல அமைத்து வாசித்தது, நாலெண்ணிக்கை உடையது. சக்தி ஸஹித கணபதிம் என்னும் பாட்டோ மும்மை நடையது. வால்ட்ஸ் கேட்டுப் பழகியோர் அதன் முதலெண் அழுத்தத்தையும் பின்னிரண்டின் மென்மையையும் எளிதில் உணர்வர். ஸந்ததம் பாஹிமாம் என்னும் பாட்டு, இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டிலேயே அமைந்தது. 1745இல் இலண்டன் நாடக அரங்குகளில் பாடப்பெற்றுப் பரவிய அம்மெட்டு, கும்பினிப் படையோடு இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

இங்கே தீட்சிதர் செய்தது யாது? மெட்டின் மூன்றெண்ணிக்கையை அவர் மாற்றவில்லை, சுரங்களை வளைக்கவில்லை, கமகம் சேர்த்து அதனைக் கர்நாடக இராகமாக மறைக்கவும் இல்லை. வந்த விருந்தினரை அவர்தம் உடையிலேயே இல்லத்துள் அமர்த்தினார். ஆயின் அம்மெட்டு எவரைப் பாடுகின்றது என்பதை மாற்றிவிட்டார். அரசரை வாழ்த்த எழுந்த இசை இசைக்கு இறைவியாகிய அம்பிகையை வேண்டும் தோத்திரமாயிற்று. ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எழுத்தாக, குறிலும் நெடிலும் மெட்டின் நீளத்துக்கு இயைய வைத்துச் சொற்கட்டு அமைத்த திறம் வியத்தற்குரியது.

பாவத்தின் நுட்பத்தை அறிய வேண்டின், இந்நோட்டுப் பாடல்களோடு தீட்சிதர் கீழ்வேளூர்ச் சிவபெருமான்மேற் பாடிய அக்ஷயலிங்க விபோ என்னும் கிருதியை ஒப்பிட்டுக் கேட்க. இரண்டும் சங்கராபரணமே. கிருதியோ மிச்ர சாபு தாளத்தில், விளம்ப காலத்தில், சுரந்தோறும் கமகம் பொதிந்து, யானை நடப்பதுபோல் நடக்கின்றது. நோட்டுப் பாட்டு, சிறுவர் முற்றத்திற் குதித்தாடுவதுபோல் துள்ளுகின்றது. சுரங்கள் ஒன்றே, காலமும் அசைவும் வேறு, ஆதலின் பாவம் வேறு. ஒரு வரிசைக்கு ஒரு பாவமே உண்டு எனக் கூறுவார்க்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டுதலே தக்க மறுமொழியாம்.

கட்டாயமும் விருப்பமும்

இவ்விடத்தில் நம் ஊர் வரலாற்றை நினையாதிருத்தல் இயலாது. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தீட்சிதருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. கும்பினித் தளபதிகள் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகையை விதித்தனர். அதில் தோலாற் செய்த குஞ்சம் இருந்தது. நெற்றிக்குறியும் காதணியும் விலக்கப்பட்டன. தாடியும் மழிக்கப்பட வேண்டியதாயிற்று. மறுத்தோர் கசையடி பட்டனர். அதன் விளைவாக இருபாலும் குருதி பெருகிற்று. கோட்டையில் இறந்தோர் பல நூற்றுவர்.

அதே கும்பினி, அதே காலம், அதே மேனாட்டுப் பொருள். சிப்பாய் அதனை உதறினார். தீட்சிதர் அதனை ஏற்றார். இவருள் ஒருவர் வீரர், மற்றவர் பணிந்தவர் எனக் கூறுதல் பொருந்தாது. சிப்பாய்க்கு அது மேலோர் கட்டளையாய்த் தலைமேல் ஏறியது; தீட்சிதருக்கு அது தாமே நாடிக் கேட்ட செவிச்செல்வமாய் வந்தது. விதிக்கப்பட்ட சிறு தோற்குஞ்சமும் பாரமாகும். விரும்பிக் கொண்ட மெட்டு பாரமாகாது. பிறர் கலையை ஏற்பதா, மறுப்பதா என்பதன்று வினா. ஏற்கும் உரிமை நம்மிடம் இருக்கின்றதா என்பதே வினா. அவ்வுரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு ஏற்றமையே தீட்சிதர் பெருமை.

நம் பகுதியின் தொழிலிலும் இதனைக் காணலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவோர் முன்னர் ஆவாரம்பட்டையையே நம்பியிருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் குரோம் முறையைப் புகுத்தினார். நம் தொழிலாளர் அதனையும் கற்றனர். பட்டைப் பதத்தையும் கைவிட்டிலர். எத்தோலுக்கு எம்முறை தகும் என்பதைத் தோலைத் தொட்டறிந்தே துணிந்தனர். மெட்டைத் தேரும் செவிக்கும் தோலைத் தேரும் கைக்கும் வேண்டுவது ஒன்றே. அதுதான் பயிற்சியாற் பிறந்த துணிவு.

தீட்சிதர் இதில் தனித்து நின்றாரல்லர். தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த சரபோஜி மன்னர் மேனாட்டு வாத்தியக் குழுவை வைத்திருந்தார். ஐரோப்பிய இசைச்சுவடிகள் அவர்தம் சரசுவதி மகாலிற் சேர்ந்தன. தீட்சிதருக்கு ஓராண்டு மூத்தவரான வேதநாயகம் சாஸ்திரியார், நம் நாட்டு இராகங்களிற் கிறிஸ்தவக் கீர்த்தனைகளையும் குறவஞ்சியையும் பாடினார். ஒருவர் பிறநாட்டு மெட்டில் இந்நாட்டுத் தோத்திரத்தை வைத்தார். மற்றவர் பிறநாட்டினின்று வந்த சமயத்தை இந்நாட்டு இராகத்தில் வைத்தார். பாமாலையும் கீர்த்தனையும் அடுத்தடுத்துப் பாடும் நமக்கு இவ்விருவர் உழைப்பின் அருமையை எடுத்துரைத்தல் வேண்டா.

வறுமையும் வழிநடையும்

தீட்சிதர் வாழ்வு இன்பமே நிரம்பியதன்று. திருவாரூரில் தங்கி வாழ்ந்த ஆண்டுகளில் கமலாம்பாள்மேல் நவாவரணக் கிருதிகளைப் பாடினார். ஞாயிறு முதல் சனி ஈறாக ஏழு கோள்களின்மேல், ஏழு ஸூளாதித் தாளங்களிலும் ஒவ்வொன்றாகக் கிருதி செய்தார். சுத்த மத்தளம் தம்பியப்பன் என்னும் மாணாக்கரின் வயிற்றுநோய் நீங்கும்பொருட்டு அவை தொடங்கப்பெற்றன என்ப. தஞ்சை நால்வர் எனப் பெயர்பெற்ற பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவரிடம் பயின்றனர். பரத நாட்டியத்தின் இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் இந்நால்வரே.

எனினும் இல்லத்தில் வறுமை நீங்கவில்லை. அரசரைப் பாடிப் பரிசில் பெறும் வழக்கத்தை அவர் மேற்கொண்டிலர். ஒருநாள் சமையலுக்கு ஒன்றுமில்லாத நிலையில், மாணவியொருவர் தம் நகையை விற்றுத் தர முன்வந்தபோது, அதற்கு இசையாது தியாகராசப் பெருமானைப் பாடினார் என்றும், அன்றே வேறு வழியில் உணவுப்பொருள் வந்தது என்றும் வழங்குவர்.

1817இல் தந்தையார் காலஞ்சென்றார். தம்பியர் இருவரும் பிழைப்பு நாடித் தெற்கே மதுரைக்குச் சென்றனர். 1823இல் சின்னசாமி அங்கே இறந்தார். உடன்பிறந்தாரை இழந்து தனித்த பாலுசாமி பின்னர் எட்டயபுரம் அரசவையில் இடம்பெற்றார். தம்பியரைத் தேடி மூத்தவர் முதிய பருவத்தில் தெற்கே நடந்தார். ஒருவர் இறந்தார், ஒருவர் தொலைவில் இருக்கின்றார் என்னும் செய்தியே அவருக்குக் கிடைத்தது. எட்டயபுரத்துக்குச் செல்லும் வழியில் மழையின்றி வறண்ட நிலத்தைக் கண்டு மனம் இரங்கி அமிர்தவர்ஷிணி இராகத்திற் பாடினார் என்பதும், மழை பெய்தது என்பதும் அப்பகுதியில் வழங்கும் வரலாறு. மழை பெய்ததை நம்புவார் நம்புக. தம் துயரத்தோடு நடந்தவர் பிறர் வயலின் வாட்டத்தை நோக்கினார் என்பதே நம் உள்ளத்தைத் தொடுவது. எட்டயபுரத்தில் மணலியின் அந்தப் பழைய பிடில் ஒலியை அண்ணன் மீண்டும் தம்பி கையிற் கேட்டார்.

1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில், மாணாக்கர் மீனாட்சியம்மைமீது அவர் இயற்றிய கிருதியைப் பாடிக்கொண்டிருக்க, தீட்சிதர் உயிர் நீத்தார். அவர் சமாதி எட்டயபுரத்தில் இன்றும் உள்ளது.

பின்வந்தோர் பணி

தீட்சிதர் தம் பாட்டுகளை அச்சிட்டவரல்லர். அவை மாணாக்கர் நாவிலேயே வாழ்ந்தன. நாவில் வாழ்வது நாவோடு மறையும் என்னும் அச்சம் பின்னோர்க்கு உண்டாயிற்று. சென்னையிற் கிறிஸ்தவரான சின்னசாமி முதலியார் என்பார் நம் கிருதிகளை மேனாட்டுச் சுரக்குறியில் எழுதி 1893இல் வெளியிடத் தொடங்கினார். அம்முயற்சியில் தம் கண்பார்வையும் செல்வமும் தேய உழைத்த அவர், பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகார புத்திரருமாகிய சுப்பராம தீட்சிதரைத் தூண்டி, குடும்பத்துப் பாடாந்தரங்களை வெளியிடுமாறு வேண்டினார். அதன் பயனாக 1904இல் எட்டயபுரத்தில் ஸங்கீத ஸம்பிரதாய ப்ரதர்சினி என்னும் பெருநூல் வெளிவந்தது. தீட்சிதருடைய நானூற்றுக்கு மேற்பட்ட கிருதிகளுட் பெரும்பகுதி நமக்குக் கிடைத்தமைக்கு அந்நூலே முதற்காரணம். அங்கே மேனாட்டுக் குறிமுறை நம் இசைக்குத் துணையாயிற்று. இசையைக் கொடுத்தும் கொண்டும் வாழ்ந்த குடும்பத்துக்கு அது தக்க கைம்மாறேயாம்.

நோட்டுப் பாடல்களைச் சிறுபிள்ளை விளையாட்டு என இகழ்ந்த பண்டிதர் இருந்தனர். நூறு கமகம் அறிந்தவர் கமகமற்ற மெட்டில் ஏன் காலங்கழித்தார் என அவர் வினவினர். அவர்க்குக் கூறும் விடை எளிது. சிறுவர் பயிலுதற்குரிய பாட்டைப் பெரும் புலவர் செய்தல் இழிவன்று. தனிச்சுரத்தை அதன் தானத்தில் நேராக நிறுத்திப் பாடும் பயிற்சி கமகத்திற்கு அடிப்படையாம். அன்றியும், நோட்டுப் பாடல்களைச் செய்தமையால் அவர்தம் கிருதிகளின் விளம்ப நடையோ கம்பீரமோ ஒரு சிறிதும் குறைந்திலது. தன் இல்லத்தின் அடித்தளம் உறுதியாயிருப்பின், வாயிலைத் திறந்து வைத்தற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்காள்! இன்று உலகத்தின் எல்லா இசையும் நம் கைக்கருவி ஒன்றில் வந்து நிற்கின்றது. கேட்கும் வாய்ப்பில் நாம் தீட்சிதரினும் மிக்க பேறு உடையோம். கேட்கும் முறையிலோ அவரிடம் கற்கவேண்டுவன பல. வால்ட்ஸ் ஒன்று காதில் விழுமாயின், பிறநாட்டதென்று ஒதுக்கவும் வேண்டா. பிறநாட்டதென்றே வியக்கவும் வேண்டா. கையில் மூன்றெண்ணித் தட்டுங்கள். ஆதார ஷட்ஜத்தைத் தேடிப் பிடியுங்கள். சங்கராபரணமோ நடபைரவியோ எனச் சுரங்களை முணுமுணுத்துப் பாருங்கள். பின்னர், அது நும் உள்ளத்தில் எழுப்பிய பாவத்துக்கு எது காரணம் என ஆராயுங்கள். நடையை ஒரு மடங்கு தாழ்த்திப் பாடி, பாவம் எவ்வாறு மாறுகின்றது என்பதையும் நோக்குங்கள். கோட்டை மதிலருகே நின்று பாண்டு வாத்தியம் கேட்ட அவ்விளைஞர் செய்ததும் இதுவே.